எட்டு முறை

ஔலு நகரில் ஜூன் கடைசியில் இரவு வருவதில்லை.
வானம் கண் மூடுவதாகப் பாவனை செய்துவிட்டு
உடனே விழித்துக்கொள்ளும்.

அந்த வெள்ளிக்கிழமை ஊரே ஏரிக்கரையில்.
நெருப்பு மூட்டி நின்றோம், சட்டையெல்லாம் பிர்ச் புகை.
பணிப்பட்டியலில் என் பெயர் இருந்தது:
ஹெல்கா, அவசர அழைப்பு.
கைப்பேசி படகில் கிடந்தது.

மின்சாரம் போய், வந்திருந்தது.
திங்கள் காலை உறைபெட்டியின் அடியில்
தண்ணீர் காய்ந்த தடம்.
உள்ளே எல்லாம் கல்லாய் உறைந்துதான் இருந்தன
இருநூற்றுப் பன்னிரண்டு குழாய்களும்.
பெயர்ச்சீட்டுகளில் மட்டும் மை வழிந்திருந்தது.
வெப்பம் பதியும் வட்டத்தாளில்
சிவப்புக் கோடு ஒழுங்காகச் சுற்றி வந்து
வெள்ளி இரவு வெளியே புடைத்து
சனி மதியம் அடங்கியிருந்தது,
கன்னத்துக்குள் எதையோ ஒதுக்கிக்கொண்டவன் முகம் போல.

வெய்க்கா வந்தான்.
அவனுடைய ஆய்வேடு அந்தக் குழாய்களுக்குள் இருந்தது.
தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"காப்பி குடிக்கலாமா?" என்றான்.
குடித்தோம்.
எதையும் நாங்கள் முடிவு செய்யவில்லை.
முடிவு என்பது சத்தத்தோடு வரும் என்று நினைத்திருந்தேன்.
புதுத் தாளைப் பொருத்தினேன்.
ஒன்றும் நடக்காத மாதிரி
மாதிரிகளை அடுக்கினேன்.

இலையுதிர் காலத்தில், யாரும் எதிர்பாராமல்,
ஒரு புரதம் ஏறி நின்றது.
பேராசிரியர் தோர்ஸ்தி அந்த வரைகோட்டைக்
கேக்கின்மேல் சர்க்கரைப் பாகால் வரையச் சொன்னார்.
உச்சித் துண்டு எனக்கு வந்தது.
இனிப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்று வருடம் கழித்து போர்ச்சுகலிலிருந்து கடிதம்.
எங்களிடம் அந்தப் புரதம் ஏறவே மாட்டேன் என்கிறது,
தவறு எங்கள் கையில்தான் இருக்கவேண்டும்,
ஒரு வாரம் வந்து உங்கள் கையைப் பார்க்கலாமா?

நவம்பரில் வந்தாள் இரியா.
யாரிடமோ வாங்கிய மேலங்கி, கை இரண்டு அங்குலம் நீளம்.
என் முழங்கையருகே நின்று நோட்டில் எழுதினாள்.
குழாயை எத்தனை முறை கவிழ்க்கிறீர்கள்?
எட்டு.
எட்டு என்று எழுதி அடிக்கோடிட்டாள்.
இடப்பக்கமா, வலப்பக்கமா?
எனக்கே தெரியாது. கவிழ்த்துப் பார்த்துச் சொன்னேன்.
கையுறையின் நிறத்தைக்கூட எழுதினாள்.
நான் மூச்சு விடுவதையும் எழுதியிருப்பாள்,
கேட்கத்தான் கூச்சம்.

மதியம் ரொட்டி தின்றபடி சொன்னாள்,
பிப்ரவரியோடு உதவித்தொகை முடிகிறது.
அப்பா கேட்கிறாராம்,
இன்னும் எத்தனை நாள் அந்த ரத்தத்தோடு என்று.
விரல்களை விரித்துப் பார்த்துச் சிரித்தாள்:
"இவை இதற்குப் பிறந்தவை இல்லை போல."

நல்ல விரல்கள். நடுங்காதவை.

அதுவரை என் கணக்கில்
அது யாரையும் தொடாத தவறு.
வெய்க்கா உப்சாலாவில், இரட்டைக் குழந்தைகள்.
எனக்கு ஓய்வூதியத்துக்கு ஆறு வருடம்.
எல்லாரும் பிழைத்துக்கொண்ட பிழை.

வியாழன், மூன்றரைக்கே இருட்டு.
நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்:
வேறு ஒன்றும் இல்லையே?

இழுப்பறையில் விரித்த காகிதத்துக்கும் கீழே
அந்த வட்டம் இருந்தது.
ஏன் எரிக்கவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்.
மேசைமேல் வைத்தேன்.

அவள் கத்தவில்லை.
புடைப்பின்மேல் விரலை வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல்.
எத்தனை மணிக்கு?
இரவு பதினொன்று.
நோட்டைத் திறந்து, எட்டுக்குக் கீழே
அதையும் எழுதினாள்.
பிறகு பேனா நின்றது.
இரண்டு விரல்களை உயர்த்திக் காட்டினாள்.
வருடங்கள்.

தாழ்வாரத்தின் கோடியில்
தோர்ஸ்தியின் அறையில் விளக்கு எரிகிறது.
தாளை எடுத்துக்கொண்டு நடக்கிறேன்.
பின்னால் அவளுடைய செருப்புச் சத்தம்.
கதவை எத்தனை முறை தட்டுகிறேன் என்பதையும்
எழுதுவாளாக இருக்கும்.
எழுதட்டும்.